நாள் சொல்லாமல் தள்ளிய முறை

முறை சொல்லும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்களே, இந்த வேலையில் கால் வலிக்கும், தொண்டை கட்டும், நாய் துரத்தும். எந்த வீட்டில் நாய் கடிக்கும், எந்த வீட்டில் மாமியார் கடிப்பாள் என்பதை நீங்களே நடந்து தெரிந்துகொள்வீர்கள். நான் பேச வந்தது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. உங்கள் காதில் அதிகம் விழப்போவது அதுதான். தள்ளிப்போடு.

ஏரியில் வலை கட்டும் இடத்தைப் பாடு என்கிறோம். நல்ல பாடு கொஞ்சம், வலையோ வீட்டுக்கு வீடு. எல்லோரும் ஒரே நாளில் முகத்துவாரத்துக்குப் போனால் மீனைவிட உடைந்த மண்டைதான் அதிகம் கிடைக்கும். அதனால்தான் மழைக்கு முன்னால் கங்கம்மா கோயில் வாசலில் கூடி, வீட்டுக்கொரு சிப்பி பானையில் போட்டுக் குலுக்கி, எந்த வீட்டுக்குப் பின் எந்த வீடு என்று வரிசை எடுக்கிறோம். அந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வாசல் வாசலாகப் போய், நாளை யார் முறை என்று சொல்வது நம் வேலை. அந்த நேரத்தில் ஆண்கள் தண்ணீரில் இருப்பார்கள், இல்லையென்றால் கள்ளில் இருப்பார்கள். அப்படித்தான் இது பெண்கள் கைக்கு வந்தது.

முறை சொன்னதும் சிலர் நம்மைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவனுக்கு மாமியார் வந்திருப்பாள். ஒருவனுக்கு மாமியார் போயிருப்பாள், அந்தச் சந்தோஷத்தில் கை கால் ஓடாது. எல்லோரும் கேட்பது ஒன்றே, கொஞ்சம் தள்ளிப்போடு என்று. ஏதோ முறை என்பது நம் இடுப்பில் கட்டியிருக்கிற பானை, நாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தலாம் என்பது போல.

ஒருமுறை ஒருவனுக்கு உட்காரும் இடத்தில் கட்டி. அவன் குப்புறப் படுத்துக்கொண்டே கெஞ்சினான்.

"அக்கா, குந்த முடியல. நம்ம முறைய தள்ளிப் போடு அக்கா."

"எனக்குத் தள்ளத் தெரியாதுப்பா. அடுத்த முறைக்காரன் வூட்டுக்கு நடந்து போயி கேளு."

"நடக்கவும் முடியலயே."

"குந்தவும் முடியல, நடக்கவும் முடியல. அப்போ ராவுக்கெல்லாம் தண்ணியில நின்னுக்கினே இருக்கலாம், ரொம்ப சவுகரியம்."

அவன் திட்டிக்கொண்டே எழுந்து, கால்களை அகட்டி அகட்டி அடுத்த முறைக்காரனிடம் போனான். இரண்டு பேரும் என் முன்னால் முகத்துக்கு முகம் நின்று பேசினார்கள். உன் நாளை நான் எடுத்துக்கொள்கிறேன், என் நாளை நீ எடுத்துக்கொள், என் நாள் பௌர்ணமிக்கு மறுநாள் என்று நாளையும் சொல்லிக்கொண்டார்கள். முடிந்தது. தள்ளிப்போடுவது என்றால் அதுதான். கேட்டவன் இருந்தான், கொடுத்தவன் இருந்தான், போய்ச் சேர வேண்டிய நாளும் இருந்தது. அதில் நாள் இல்லையென்றால் நம் குப்பத்தில் அதற்கு வேறு பெயர். விட்டுக்கொடுத்தது என்பார்கள். முறையை விட்டுக்கொடுத்த வீட்டின் சிப்பி அடுத்த குலுக்கலில் பானைக்குள் விழாது. வலை கட்டாமலே வரிசையில் இடம் பிடித்து வைத்திருப்பவர்களுக்காகப் போட்ட பழைய கட்டுப்பாடு அது.

இவ்வளவும் தெரிந்தவள்தான் நான். இனி சொல்வது ஊரே அறிந்த கதை. என் முதுகுக்குப் பின்னால் அரைகுறையாக உங்கள் காதில் விழுந்திருக்கும். முழுசாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் அமாவாசை முறை, அதுவும் முகத்துவாரப் பாட்டில், செங்கேணி வீட்டுக்கு விழுந்தது. அமாவாசை நீரோட்டத்தில் முகத்துவாரத்தில் இறால் எப்படி வரும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. செங்கேணியின் புருஷன் கடலோடு போய்ச் சேர்ந்துவிட்டான். கொழுந்தன் அவளுக்காக வலை கட்டுவான், வருவது அவள் வீட்டுக்கு. ஆம்பளை இல்லாத வீடு வரிசையில் சும்மா பெயருக்கு இருக்கிறது, அந்த இடத்தை வேறு வீட்டுக்குக் கொடுக்கலாம் என்று சிலர் முணுமுணுக்கத் தொடங்கியிருந்தார்கள். அந்த அமாவாசையில் வலை கட்டி நாலு பேர் பார்க்க இறால் கொண்டுவந்து கொட்டினால் அந்த வாய்கள் மூடிவிடும் என்று அவள் நம்பினாள். வீட்டை வரிசையில் நிறுத்த அவளுக்கு இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அமாவாசை நெருங்கும்போது நம் குப்பத்துத் தலைவர் பெரியதனக்காரர் என்னைப் படகுத்துறைக்குக் கூப்பிட்டார். கோட்டைச் சமையல்கட்டு ஆள் அப்போதுதான் அவரிடம் பேசிவிட்டுப் போயிருந்தான். புதுத் துரை கப்பலில் வந்து இறங்கப்போகிறார், கோட்டையில் இருக்கும் உலாந்தாக்கார வெள்ளைக்காரர்கள் விருந்து வைக்கிறார்கள், அமாவாசைக்கு மறுநாள் காலை கூடை கூடையாகப் பெரிய இறால் வேண்டும். இல்லை என்று கோட்டையிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய ஆள் நம் ஊரில் கிடையாது.

"அஞ்சல, அமாவாச முறை யாருது?"

"செங்கேணி வூட்டுது, பெரியவரே."

"அந்தக் கொழுந்தன் பையன் இம்மாம் எறா புடிப்பானா? நம்ம மாப்ள பெரிய வலையோட போவட்டும். செங்கேணி முறைய தள்ளிப் போட்டாச்சுன்னு போயி சொல்லிடு."

"எப்போதிக்கு தள்றது?"

"சொல்லு, பாத்துக்கலாம்னு."

"பாத்துக்கலாம்னு ஒரு கெழம இருக்குதா பெரியவரே? ஞாயித்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். இன்னாமா நீ, எத்த சொன்னாலும் சிரிக்க வெக்கிறியே, என்று சொல்லிக்கொண்டே அவர் போய்விட்டார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நான் கேட்டது நல்ல கேள்வி. ஆனால் சிரிப்பைக் கலந்து கேட்டேன். அவர் சிரித்தார், அதுவே பதில் சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அதே கேள்வியைச் சும்மா கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் அவர் ஒரு நாளைச் சொல்லித்தான் தீர வேண்டியிருந்திருக்கும். எனக்கு அப்படி நிற்க வரவில்லை. நாலு பேரைச் சிரிக்கவைத்த சந்தோஷத்தோடு செங்கேணி வீட்டுக்கு நடந்தேன்.

அவள் அடுப்பில் பட்டை காய்ச்சிக்கொண்டிருந்தாள், வலைக்குச் சாயம் போட. வாசல் முழுக்கப் பட்டை வாசனை. கை முட்டிவரை சிவப்பு. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. வரக்கூடாத நேரத்தில் மலர்ந்த முகத்தைப் பார்ப்பதுதான் இந்த வேலையில் கஷ்டம்.

"வா அஞ்சல. முறை சொல்ல இன்னும் நாள் இருக்குதே?"

"அக்கா, உங்க முறை தள்ளிப் போயிருக்குது."

"தள்ளிப் போயிருக்குதா? அதுவா எழுந்து போச்சா? யாரு தள்ளினது?"

பெரியதனக்காரர் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அவள் நேரே அவர் வீட்டுக்குப் போவாள், அவர் என்னைக் கூப்பிடுவார், என் வேலை போகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியில் தப்பித்தேன்.

"வாடக்காத்துதான் தள்ளிச்சு."

அவள் சிரிக்கவில்லை. "காத்து எப்போ திரும்பும்?"

"திரும்பினா மொதல் ஆளா வந்து சொல்றேன் அக்கா."

அவள் அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்தாள். காய்ச்சாமல் மிச்சமிருந்த பட்டையை எடுத்துக் கூரையில் சொருகினாள். பிறகு காய்ச்சிக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பாள்.

நான் செய்ததைப் பாருங்கள். கோட்டைக்காகப் பெரியதனக்காரர் எடுத்துக்கொண்டார் என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கும். நாள் கேட்டு வாங்க ஒரு வாசல் கிடைத்திருக்கும். நான் அவளிடம் காற்றைக் கொடுத்துவிட்டு வந்தேன். காற்றோடு யார் போய்ச் சண்டை போடுவார்கள்?

கோட்டைக்கு இறால் போனது. துரை சாப்பிட்டார், நன்றாகத்தான் இருந்ததாம். பாத்துக்கலாம் என்ற நாள் வரவில்லை. அந்த வருஷம் முகத்துவாரம் சீக்கிரமே மண் மூடிவிட்டது. அடுத்த மழைவெள்ளம் வந்து மண்ணை உடைக்கும்வரை கடல் தண்ணீர் உள்ளே வராமல் அந்தப் பாடே நின்றுபோனது. செங்கேணி இரண்டு மூன்று தடவை என் வழியில் நின்றாள். கேட்கவில்லை, பார்த்தாள். நான் ஒவ்வொரு தடவையும் ஏதாவது வேடிக்கை சொல்லிவிட்டு நடந்தேன்.

மழைக்கு முன்னால் கோயில் வாசலில் கூட்டம் கூடியது. பானை நடுவில். வீட்டுக்கு ஒருவர் சிப்பியோடு உட்கார்ந்திருந்தார்கள். செங்கேணி தன் சிப்பியை நீட்டியபோது பெரியதனக்காரரின் பங்காளி ஒருவர் கையைக் குறுக்கே வைத்தார்.

"போன வரிசையில வந்த அமாவாச முறைய இந்த வூட்டுக்காரங்க விட்டுக் குடுத்துட்டாங்க. விட்ட வூட்டு சிப்பிய எப்படி போடுறது?"

"நான் எங்க விட்டேன்? தள்ளிப் போயிருக்குதுன்னு சொன்னாங்க," என்றாள் செங்கேணி.

"எந்த நாளுக்கு?"

அவள் என் பக்கம் பார்த்தாள்.

"யாரோட பேசி மாத்திக்கினே?"

"அஞ்சலைய கேளுங்க. அவதான் வந்து சொன்னா."

எல்லோரும் திரும்பினார்கள். பெரியதனக்காரர் பானைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்தேன். இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன், கங்கம்மா சாட்சி. முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். அதுதான் வினையாகிவிட்டது. வேடிக்கை சொல்வதற்கு முன்னால் எப்போதும் நான் முகத்தை அப்படித்தான் வைத்துக்கொள்வேன்.

"செங்கேணி முறைய தள்ளினது நம்ம பெரியவரு. எந்த நாளுக்குன்னு கேட்டேன், பாத்துக்கலாம்னாரு. நான் போயி வாடக்காத்து தள்ளிச்சுன்னு சொன்னேன்."

வாடைக்காற்று என்றதும் பின்வரிசை வெடித்துவிட்டது.

"அப்பால கச்சான் காத்து வந்து இன்னா பண்ணிச்சு அக்கா?" என்றான் ஒருவன்.

"அதுக்கும் முறை உண்டாமா?" என்றான் இன்னொருவன்.

பெரியதனக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இவள போயி கேட்டீங்களே," என்றார். இன்னும் சிரிப்பு. இல்லை, நான் சொல்வது நிஜம் என்று கத்த வாயைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் வாய் என்னைக் கேட்கவில்லை. நானும் சிரித்தேன்.

அவ்வளவுதான். சிப்பி பானைக்குள் விழவில்லை. செங்கேணி அதை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு தூங்கியிருப்பேன்.

அந்தப் பருவத்தில் நான் தினமும் அந்த வாசலைத் தாண்டிப் போனேன். இந்தப் பக்கத்து வீட்டில் முறை சொல்வேன், அந்தப் பக்கத்து வீட்டில் சொல்வேன், நடுவில் அவள் வீட்டில் சொல்ல எதுவும் இல்லை. என் கால் பழக்கதோஷத்தில் அங்கே நிற்கும். கொழுந்தன் வேறொருவர் படகுக்குக் கூலிக்குப் போய்விட்டான். செங்கேணி ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்தாள். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் அந்த வேலை செய்ய முடியும். ஒருநாள் கரையில் எதிரே வந்தாள். ஓலை அறுத்து வாயின் இரண்டு ஓரமும் புண்ணாகியிருந்தது. எனக்கு முதல்தடவையாகச் சொல்ல ஒரு வேடிக்கையும் கிடைக்கவில்லை.

"அக்கா, அன்னிக்கு உங்க வூட்டுல..." என்று தொடங்கினேன்.

அவள் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "தெரியும் அஞ்சல. கூட்டத்துல நீ சொன்னது நெசம்னு எனக்கு மட்டும் தெரிஞ்சுது. எங்கிட்ட சொல்லி இன்னா ஆவப்போவுது?"

அன்று சாயங்காலம் நான் முறை சொல்லப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வேலையைத் தவிர என்னிடம் ஊர் மதிக்கிற பொருள் வேறு எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் ஒரே பாட்டுக்கு இரண்டு படகு போயிருக்கிறது. ஒரு துடுப்பு ஒடிந்தது, ஒரு பல் விழுந்தது. பெரியதனக்காரர் பாதிக் குப்பத்தோடு என் வாசலுக்கு வந்தார். பல் போனவன் வாயைப் பொத்திக்கொண்டு முன்னால் நின்றான்.

"இன்னாமா, நேத்து ஏன் முறை சொல்லல?"

"தள்ளிப் போட்டிருக்குது பெரியவரே."

"எப்போதிக்கு?"

"பாத்துக்கலாம்."

"வெளாடாத. யாரு தள்ளினது?"

"காத்துதான்."

ஒருவரும் சிரிக்கவில்லை. பல் போனவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். பெரியதனக்காரர் தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"கோட்டையில கேட்டாங்க. நான் இன்னா பண்ண முடியும்?" என்றார் கடைசியில்.

"கோட்டை கேக்குதுன்னு செங்கேணிகிட்ட சொல்லியிருந்தா அவளே குடுத்திருப்பா பெரியவரே. ஒரு நாள கேட்டு வாங்கிக்கினு குடுத்திருப்பா. நீங்களும் கேக்கல, நானும் சொல்லல."

எல்லோர் முன்னாலும் அவர் ஒப்புக்கொண்டார். நான்தான் தள்ளச் சொன்னேன், நாள் சொல்லவில்லை என்றார். அதற்கு ஒரு தைரியம் வேண்டும், என்னிடம் இருந்ததைவிட அதிகமாகவே அவரிடம் இருந்தது. செங்கேணி வீட்டை அந்த வருஷமே வரிசையின் கடைசியில் சேர்த்தார்கள். அதற்குள் நல்ல அமாவாசைகள் போய்விட்டன. போன அமாவாசைக்கு யார் என்ன கொடுப்பது என்று அவள் கேட்டாள். அது போனது போனதுதான்.

இதை என் சாமர்த்தியம் என்று நீங்கள் வெளியே சொல்லிக்கொண்டு திரியக் கூடாது. படகுத்துறையில் அன்றைக்கே வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும், அவள் வாய் புண்ணாகியிருக்காது, இவன் பல் போயிருக்காது.

கடைசியாக அவள் வீட்டு முறை வந்தது. நான் கொஞ்சம் மிதப்பாகத்தான் போனேன். வெற்றிலை தருவாள், உட்காரச் சொல்வாள் என்றுகூட நினைத்தேன். வாசலில் நின்று வாயைத் திறந்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"செத்த இரு." இந்தப் பக்கம் திரும்பி, "எம்மா பாஞ்சால, இங்க வந்துட்டுப் போ," என்றாள். அந்தப் பக்கம் திரும்பி, "ஏ சின்னபொண்ணு, நீயும் வா, கைய அப்புறம் கழுவிக்கலாம்," என்றாள். இரண்டு பேரும் வந்து அவளுக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"இப்போ சொல்லு."

"நாளைக்கு உங்க முறை அக்கா. முகத்துவாரப் பாடு."

"மாறுமா?"

"மாறினா, யாரு மாத்தினாங்க, எந்த நாளுக்கு மாத்தினாங்கன்னு இவங்க ரெண்டு பேரு முன்னாலயே வந்து சொல்றேன்."

"கேட்டுக்கினீங்களா?" என்று அவர்களைக் கேட்டாள். கேட்டுக்கொண்டோம் என்றார்கள். "சரி, போ," என்று என்னிடம் சொல்லிவிட்டு வலையை எடுக்க உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாசலில் பாஞ்சாலையும் அதையே செய்தாள். இன்னொரு பக்கத்து வாசலில் சின்னபொண்ணு. அந்தச் சுற்று முடிவதற்குள் குப்பத்தில் ஒரு வீடு விடாமல் என்னை நிறுத்திவைத்து அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஒவ்வொரு வாசலிலும் முழுசாகச் சொன்னேன்.

இன்று நீங்கள் முறை சொல்லப் போகும்போது இரண்டு பக்கத்து வீட்டிலிருந்தும் ஆள் வந்து நிற்கிறார்களே, ஏதோ நம் வேலைக்கு ஊர் கொடுக்கிற மரியாதை என்று நேற்று உங்களில் ஒருத்தி பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் கேட்டும் கேட்காத மாதிரி போய்விட்டேன். மரியாதை இல்லையடி பெண்ணே. என் ஒருத்தி வாயை நம்ப முடியாமல் வந்து நின்றவர்கள் அவர்கள். இன்னும் நிற்கிறார்கள். அவர்கள் வரும்வரை பேசாதீர்கள். யாராவது ஏன் இந்தப் பழக்கம் என்று கேட்டால், அஞ்சலையால் வந்தது என்று சொல்லுங்கள். சிரிக்காமல் சொல்லுங்கள்.